மிரர் செய்யாத சிரிப்பு

ஜூன் 3, செவ்வாய்

கனகுவுக்கு இன்று இடது புருவம் வந்தது. வலது புருவம் தானாக வரும், நான் ஸ்கிரிப்டை எழுதி முடித்தால்.

கனகு ஒரு பஸ் கண்டக்டர். எங்கள் ஸ்டூடியோ செய்யும் டவுன் பஸ் அனிமேஷன் தொடரின் இரண்டாவது சீசனில் புதிதாக ஏறியிருக்கிறான். இப்போதைக்கு மொட்டைத் தலையும் மூஞ்சியும் மட்டும்தான். புருவம், கன்னம், உதட்டோரம் என்று எல்லா இடத்திலும் சின்னச் சின்னப் பிடிகள் வைப்பது என் வேலை. பிடியை இழுத்தால் முகம் அசையும். கோபம், எரிச்சல், சிரிப்பு, சில்லறை இல்லை என்று சொல்லும்போது வரும் அந்தத் தனி முகம், எல்லாவற்றையும் அப்படி இழுத்துச் சேமித்துவைக்க வேண்டும். நான் இடது பாதியை மட்டும் செய்வேன். ஸ்கிரிப்ட், அதாவது நான் எழுதும் சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம், அதை வலது பாதிக்குக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போடும். இதை மிரர் பண்ணுவது என்போம். சோம்பேறிகளுக்காக ஒரு சோம்பேறி எழுதும் ஸ்கிரிப்ட்.

நான் பார்த்துச் செய்யும் முகம் தயாளனுடையது. ஏப்ரலில் வேறொரு கம்பெனி வேலைக்காக வான்கூவருக்கு விமானம் ஏறுமுன் கனகுவின் முகபாவங்களை எல்லாம் நடித்து வீடியோ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஏழு வருடம் எனக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். இப்போது அந்த நாற்காலியில் கூரியர் பெட்டிகளும் யாருடையதோ ஒரு ஹெல்மெட்டும் இருக்கின்றன. கேட்டால் யாரும் தன்னுடையது என்று சொல்வதில்லை.

அவன் கம்பெனியில் முகம் செய்ய ஆள் தேடுகிறார்களாம். இருபதாம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “நீயும் வந்துரு மலர், பக்கத்து சீட்ல துண்டு போட்டு வெச்சிருக்கேன்” என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்துவைத்தேன்.

பேச்சுக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா? அது தெரியாமல் ஒரு மனுஷி எப்படிக் கண்டம் விட்டுக் கண்டம் போவாள்?

ஜூன் 4, புதன்

காஸ் பதிவு செய்தேன். மாவு புளித்துவிட்டது. ஒருத்திக்கு எவ்வளவு அரைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஸ்கிரிப்ட் ஓடியது. ஆனால் ஓடிய ஓட்டம் சரியில்லை. மேலே கீழே போகும் பிடிகளை அப்படியே பிரதி எடுக்கலாம். பக்கவாட்டில் போகும் பிடிகளுக்குத் திசையை மாற்ற வேண்டும். நான் அதை மறந்துவிட்டேன். வாயின் இரண்டு ஓரமும் ஒரே திசையில் இழுத்துக்கொண்டு, கனகு வெற்றிலையை ஒரு பக்கமாக அடக்கிவைத்த மாதிரி முழித்தான். நான் தனியாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன். ஹெல்மெட்.

நாகர்கோவிலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். “எட்டி, ஒத்தையில கெடந்து அங்க என்னத்தப் பண்ணுக?” என்றாள்.

“ஒருத்தனுக்கு முகம் வெச்சிட்டு இருக்கேன்” என்றேன்.

“மொதல்ல ஒனக்கு ஒருத்தனப் பாருட்டி” என்று வைத்துவிட்டாள். பதில் யோசித்துவைத்திருந்தேன், கேட்க ஆளில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று டைரக்டர் பிரமிளா மேடம் கனகுவைப் பார்த்தார்கள். மானிட்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். அவர்கள் பேசாமல் நின்றால் ஆபத்து.

“மலர், இவன் டிக்கெட் கிழிக்கிறானா, ஓட்டு கேக்கிறானா?”

எனக்கும் பட்டதுதான். இரண்டு கன்னமும் ஒரே அளவு ஏறி, இரண்டு உதட்டோரமும் ஒரே அளவு விரிந்து, கனகு வேட்பாளர் போஸ்டரிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தான். யாரைப் பார்த்தும் சிரிக்காத சிரிப்பு.

“எல்லாருக்கும் ஒரே சிரிப்பு சிரிக்கிறான். செண்பகம் பக்கத்துல வந்து உக்காந்தாலும் இதே சிரிப்புத்தான் சிரிப்பானா? உயிர் வேணும்” என்றார்கள்.

செண்பகம் அந்த பஸ்ஸில் பூ விற்கும் பெண். முதல் சீசனிலிருந்து இருப்பவள். இந்த சீசனில் கனகுவும் அவளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து பேசும் காட்சிகள் இருக்கின்றன. உயிருக்கு எங்கே ஸ்கிரிப்ட் எழுதுவது என்று நினைத்துக்கொண்டே, சரி மேடம் என்று சொன்னேன்.

இன்னொன்று. கனகு தயாளன் மாதிரியே இல்லை. தயாளனைப் பார்த்துத்தான் செய்தேன், ஆனாலும் இல்லை.

ஜூன் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். தொழில் சம்பந்தமான கண்டுபிடிப்பு என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

தயாளன் நடித்த வீடியோக்கள் இரண்டு வகை. பாதி, ரெக்கார்டிங் அறையில் தனியாக நின்று எடுத்தவை. மீதி, நேரமில்லாமல் அவன் சீட்டிலேயே உட்கார்ந்து எடுத்தவை. தனியாக எடுத்ததில் அவன் சிரிப்பு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று. சீட்டில் எடுத்ததில் வலது பக்கம் ஏறுகிறது. கண்ணோரம் முதலில் சுருங்கி, பிறகு கன்னம், கடைசியில் உதடு. இடது பக்கம் பின்னாலேயே வந்து பாதியில் நின்றுவிடுகிறது. நான் இடது பாதியை மட்டும் பார்த்துச் செய்து அதையே திருப்பிப் போட்டதால் வலது பாதியைக் கவனிக்கவே இல்லை.

கேமரா படத்தைத் திருப்பிப் போட்டிருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். அவன் தலைக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் நேராக இருந்தன. எனவே வலது வலதுதான்.

சீட்டில் அவனுக்கு வலது பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

கனகு ஏன் தயாளன் மாதிரி இல்லை என்பதும் விளங்கியது. ஏழு வருடமும் நான் பார்த்தது அவன் முகத்தின் வலது பாதியை. செய்தது எனக்குப் பழக்கமில்லாத பாதியை.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். வேலை மும்முரம்.

ஜூன் 13, வெள்ளி

கனகுவுக்குப் புதிதாக ஒரு பிடி வைத்தேன். பக்கத்தில் ஆள் இருக்கும் திசைக்கு அதைத் தள்ளினால் சிரிப்பு அந்தப் பக்கம் முதலில் ஏறும். நடுவில் விட்டால் பழைய போஸ்டர் சிரிப்பு. பிரமிளா மேடம் அதை இடதும் வலதுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதை எப்படிப் பிடிச்ச?” என்றார்கள்.

“வீடியோவுல இருந்துச்சு மேடம்.”

“நானும்தான் அந்த வீடியோவப் பாத்தேன்” என்றார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விட்டேன்.

வான்கூவர் வேலைக்கு இன்று விண்ணப்பம் அனுப்பினேன். முன்னேற வேண்டும் அல்லவா? ஒரே இடத்தில் இத்தனை வருடம் இருப்பது யாருக்கும் நல்லதல்ல. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் தி.நகரில் இறங்கி ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்காரர், “ஊட்டியா மேடம்?” என்றார். “அதுக்குக் கொஞ்சம் மேல” என்றேன். வீட்டில் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. பச்சை எனக்கு எப்போதும் ஒத்துவரும்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் தயாளன் வீடியோ காலில் வந்தான். அங்கே சனிக்கிழமை ராத்திரி. நான் விண்ணப்பம் அனுப்பியதை ஆபீசில் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“நெஜமாவே போட்டுட்டியா? நான் நீ வரவே மாட்டேன்னு நெனச்சேன்” என்றான்.

“ஏன், நான் வந்தா சீட்டுல எடமில்லையா?”

“இருக்கு இருக்கு. வா.” சிரித்தான்.

இடது பக்கம் ஏறியது.

நான் முதலில் போனைத்தான் சந்தேகப்பட்டேன். அவன் பனியனில் ஏதோ எழுதியிருந்தது. படித்துப் பார்த்தேன். எழுத்துகள் நேராக இருந்தன. அதற்குள் அவனுடைய இடது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து, அறுத்த மாம்பழம் வைத்த தட்டை அவன் முன்னால் வைத்தது. வளையல் போட்ட கை.

“மலர், இது ஷாலினி. சொல்லணும்னு இருந்தேன். டிசம்பர்ல கல்யாணம். திருச்சிலதான்.”

அந்தப் பெண் குனிந்து எட்டிப் பார்த்தாள். “அக்கா, உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காரு. சீக்கிரம் வாங்க, இங்க எனக்கும் பேச ஆளில்ல.”

நல்ல பெண். வாழ்த்துகள் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். மாம்பழம் அங்கேயும் கிடைக்கிறதா என்று கேட்டேன். மெக்சிகோவிலிருந்து வருகிறதாம், நம்மூர் ருசி இல்லையாம்.

என் முகம் ஒரு மூலையில் சின்னக் கட்டத்தில் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

தண்ணீர் கேன் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வான்கூவரிலிருந்து மெயில். அடுத்த திங்கள் இன்டர்வியூ. நல்ல விஷயம்தான்.

யோசித்துப் பார்த்தால் அவனுடைய சிரிப்பு பக்கத்தில் யார் இருந்தாலும் அந்தப் பக்கம் போகிற சிரிப்பு. சிலருக்கு அப்படி. நான் ஒரு காலண்டரை நம்பி ஸ்வெட்டர் வாங்கியவள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், எந்தப் பக்கம் என்று தெரியாது.

ஜூன் 18, புதன்

செண்பகத்துக்கும் அதே பிடியை வைக்கச் சொன்னார்கள் பிரமிளா மேடம். அவளுடைய பழைய ஃபைலைத் திறந்தேன்.

செண்பகத்துக்கு முகம் செய்தது தயாளன். பார்த்துச் செய்தது என் முகத்தை. இரண்டு வருடம் முன்னால், என் சீட்டில் உட்கார்ந்தபடி நான் நடித்துக் கொடுத்தேன். அழச் சொன்னபோது சிரிப்பு வந்து, சிரிக்கச் சொன்னபோது வெட்கம் வந்து, ஒருவழியாக எடுத்து முடித்தோம். அதன்பின் மாதக்கணக்கில் அவன் என் முகத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. நம் மூஞ்சியை நாமே எத்தனை தடவை பார்ப்பது?

இன்று பார்த்தேன். பிடி வைப்பதற்கு முன் ஒவ்வொரு முகபாவத்திலும் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்க வேண்டும். கோபத்தில் வித்தியாசமில்லை. அழுகையில் இல்லை. பயம், தூக்கம், சலிப்பு, எதிலும் இல்லை. எல்லாம் ஸ்கிரிப்ட் வைத்து மிரர் செய்தவை. சிரிப்புகள் மட்டும் அப்படி இல்லை. சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு, அடக்கிய சிரிப்பு, அத்தனையையும் அவன் இரண்டு பக்கமும் கையாலேயே செய்திருக்கிறான். அத்தனையும் இடது பக்கம் ஏறுகின்றன.

என் இடது பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

அவன் சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்று ஒரு வாரமாகத் துப்பறிந்துகொண்டிருந்தேனே, என்னுடையது எங்கே போகிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன். இடது வலதில் என்னைவிடக் கண் கூர்மையானவன்.

ஜூன் 19, வியாழன்

கேட்டுவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அங்கே அவன் எழுந்திருக்கும் நேரம்.

“செண்பகத்தோட சிரிப்ப மட்டும் ஏன் கையால செஞ்ச?”

பார்த்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினான்.

“மிரர் பண்ணிப் பாத்தேன். நல்லா இல்ல. அது நீ சிரிக்கிற மாதிரி இல்ல.”

“எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தியா?”

நான் செருப்பைக் கழற்றினேன். அரிசி கழுவி குக்கர் வைத்தேன். விசில் வந்தது. போனை அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தேன்.

“பாத்தேன் மலர். அப்பவே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். ரொம்ப நாள் இருந்தேன்.”

போனைக் கவிழ்த்துவைத்தேன்.

அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். நாளைக்கு இதைத் தூசி, வெங்காயம் என்று மாற்றிச் சொல்லிக்கொள்வேன் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. ஏழு வருடமும் பிடித்திருந்தது. அவனுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்தவர் வாயைத் திறக்கட்டும் என்று அவன் இருந்தான், நான் இருந்தேன். அவன் எத்தனை நாள்தான் இருப்பான்? அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஷாலினிமேலும் இல்லை. இப்படி யார்மேலும் தப்பு இல்லாமல் இருப்பதுதான் ஆத்திரமாக வருகிறது.

சோறு குழைந்துவிட்டது. சாப்பிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்டர்வியூவுக்கு வரவில்லை என்று மெயில் அனுப்பினேன். சொந்தக் காரணம் என்று எழுதினேன். இத்தனை நாளில் நான் எழுதியதிலேயே உண்மையான வரி அது.

தயாளனுக்கும் சொன்னேன். “புரியுது” என்று மட்டும் அனுப்பினான். டிசம்பர் கல்யாணத்துக்கு வா என்று எழுதவில்லை. அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அக்காவிடம் குளிர் ஒத்துக்காது என்றேன்.

“நல்லதாப் போச்சு. அங்க ஐஸ்கட்டியில்லா கொட்டும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எட்டி மலரு, அழுதியா?”

“ஆமாக்கா.”

“ஏன்னு சொல்லணும்னா சொல்லு. இல்லன்னா வேண்டாம். நான் வைக்கல, இருக்கேன்.”

சொல்லவில்லை. ஆனால் அவள் வைக்கவும் இல்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தம், மாமா எதையோ தேடும் சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. போனைக் காதில் வைத்தபடியே துணி மடித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

முதல் எபிசோடை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கனகு நன்றாக வந்திருக்கிறான். அனிமேஷன் செய்தவர்கள் புதுப் பிடியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். செண்பகம் வலது பக்கம் உட்கார்ந்ததும் அவன் சிரிப்பு அந்தப் பக்கம் ஏறியபோது பின்வரிசையில் யாரோ “அடடா” என்றார்கள். பிரமிளா மேடம் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே.

கடைசி ஷாட்டில் கனகு டிப்போவில் இறங்கிப் போய்விடுகிறான். செண்பகம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் தனியாக இருக்கிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். அங்கே எபிசோட் முடிகிறது. அந்தச் சிரிப்பில் நான் கைவைக்கவில்லை. தயாளன் செய்தது அப்படியே, கனகு உட்கார்ந்திருந்த இடது பக்கம் ஏறி இருந்தது.

மேடம் நிறுத்தச் சொன்னார்கள். “மலர், பக்கத்துல ஆளே இல்ல. அப்புறம் எதுக்கு அந்தப் பக்கம் சிரிக்கிறா? பிடிய நடுவுல விட மறந்துட்டியா?”

“மறக்கல மேடம்.”

“பின்ன?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கனகு எந்தப் பக்கம் இறங்கினான், கேமரா எங்கே இருக்கிறது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

“அவளுக்கு அவனைப் பிடிக்கும் மேடம்” என்றேன். “இப்பதானே எறங்கிப் போனான். முகம் நடுவுக்கு வர கொஞ்ச நாள் ஆகும்.”

மேடம் ஸ்கிரீனைப் பார்த்தார்கள். பிறகு என்னை. அவர்கள் பேசாமல் இருந்தது இந்தத் தடவை எனக்குப் பயமாக இல்லை.

“எத்தன எபிசோட் ஆகும்?”

“தெரியல மேடம்.”

“சரி” என்றார்கள். “அவசரப்படுத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

ஷாட்டுக்கு ஓகே போட்டேன். விளக்கைப் போட்டார்கள், எல்லோரும் சாப்பிடக் கிளம்பினோம்.